நீக்கிய நான்கு வரிகள்

பச்சை விளக்கு எரிந்ததை நான் பார்த்தேனா என்று என்னையே கேட்டுக்கொண்டால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பார்த்தேன் என்று போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கோர்ட்டில் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அன்று காலை நான் அடுப்படியில் பாலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மகாராஜா அண்ணன் எனக்குப் பின்னால் சுவரோரம் வந்து நின்றான். பொத்தான் அமுங்குகிற சத்தம் கேட்டது போலிருக்கிறது. பால் சட்டியின் வளைவில் ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது போலிருக்கிறது. அதற்கு முந்தைய எட்டுக் காலைகளிலும் அந்தச் சத்தமும் அந்தப் புள்ளியும் இருந்தன. ஒன்பதாவது காலையை மட்டும் அவற்றிலிருந்து பிரித்தெடுக்க முடியவில்லை.

எங்கள் புஞ்சை இடைசெவலுக்கு மேற்கே, வீட்டிலிருந்து அரை கிலோமீட்டர். ஐந்து ஏக்கர் மக்காச்சோளம். கதிர் பால் பிடித்ததும் காட்டுப்பன்றிகள் வந்துவிடும். ஒரே இரவில் அரை ஏக்கரைச் சாய்த்துவிட்டுப் போகும். சோலார் வேலியின் அதிர்ச்சி அவற்றுக்கு இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. அதன்பிறகு அண்ணன் பம்புசெட் ரூமிலிருந்து நேராக மின்சாரத்தை இழுத்துக் கம்பியில் கொடுத்தான். சட்டப்படி குற்றம். எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். முதல் வருடம் கம்பியில் விழுந்த பன்றியின் வாய் மண்ணைக் கவ்வியபடி கருகியிருந்தது. அண்ணன் அதன் பின்னங்காலைப் பிடித்துத் தரதரவென்று ஓடை வரைக்கும் இழுத்துப்போனான். போகிற வழியெல்லாம் அதை உதைத்தான். செத்ததை எதற்கு உதைக்கிறான் என்று நான் கேட்கவில்லை.

விடிவதற்கு முன் ஈரத்தில் நடந்துபோய் அவன்தான் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். ஒருநாள் இவரும் அந்தப் பன்றி மாதிரிக் கிடப்பார் என்று பேபி மதினி அழுதாள். அதனால்தான் நான் அந்தப் பெட்டியைச் செய்து கொடுத்தேன். வீட்டுச் சுவரில் உள்ளங்கை அளவு கணினி அட்டை, அதில் ஒரு பழைய ரேடியோ சிப். பொத்தானை அழுத்தினால் ரேடியோ வழியாகக் கட்டளை போகும். பம்புசெட் ரூமில் இருக்கும் பெட்டி அதைக் கேட்டு வேலியை அணைக்கும். அனுப்பியதும் சுவரில் பச்சை விளக்கு எரியும். அனுப்பியது என்பதற்குத்தான் பச்சை. போய்ச் சேர்ந்தது என்பதற்கு இல்லை. பதில் சொல்லத் தெரியாத சிப் அது. இந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். அண்ணனுக்குச் சொன்னேனா என்பதும் நினைவில்லை.

பச்சை எரிந்ததும் அவன் பக்கத்துப் புஞ்சைக்காரர்கள் நான்கு பேருக்கும் மிஸ்டு கால் கொடுப்பான். மிஸ்டு கால் வந்தால் வேலி செத்துவிட்டது, வரப்பில் நடக்கலாம் என்று அர்த்தம். யாரும் எழுதி வைக்காத ஏற்பாடு. போன வருடம் முழுக்க அது பிசகவில்லை. இந்த வருடம் வேலிக்கு மின்சாரம் கொடுத்து அன்று ஒன்பதாவது காலை.

என் பிழைப்பு சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்து நிரல் எழுதுவது. அதற்கு மேலே, சம்பளமில்லாமல், கெர்னலில் சில ரேடியோ டிரைவர்களுக்கு நான் பொறுப்பு. கெர்னல் என்பது கணினியின் அடியில் ஓடுகிற தாய்நிரல், உலகமெங்கும் பலர் சேர்ந்து எழுதுவது. டிரைவர் என்பது அந்தக் கெர்னலுக்கும் ஒரு சிப்புக்கும் இடையே நின்று பேசுகிற பகுதி. அந்தப் பழைய சிப்பின் டிரைவரை இருபது வருடம் முன்பு எங்கோ குளிர் தேசத்தில் ஒருவர் எழுதியிருந்தார். இப்போது அவருடைய முகவரிக்கு அஞ்சல் அனுப்பினால் திரும்பி வந்துவிடும். பயன்படாத மாறிகள், இரண்டு முறை எழுதிய சோதனைகள், யாரும் அழைக்காத நிரல்துண்டுகள். ஆவணி மாதம் நான் அதைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன்.

"ஏட்டி தர்ஷினி, எவனோ போட்ட குப்பையச் சம்பளமில்லாமப் பெருக்குத. நம்ம வீட்டு முத்தத்தப் பெருக்க ஒனக்கு நேரமில்ல" என்றான் அண்ணன்.

"முத்தத்தப் பெருக்கத்தான் என்னையக் கெட்டிட்டு வந்தியளோ?" என்றாள் மதினி உள்ளிருந்து.

டிரைவரின் நடுவில் அந்த இடம் வந்தது. அனுப்பு. பொறு. அனுப்பு. பொறு. அனுப்பு. ஒரே கட்டளை மூன்று முறை. ஏன் என்று ஒரு குறிப்பும் இல்லை. படியெடுத்து ஒட்டும்போது மிஞ்சிப்போனது என்று நினைத்தேன். நான்கு வரிகளை நீக்கினேன். அதன் கீழே, இப்படிப்பட்ட திருத்தங்களின் கீழே எல்லோரும் எழுதுகிற வாசகத்தை எழுதினேன்: செயல்பாட்டில் மாற்றம் எதுவும் இல்லை. எழுதுவதற்கு முன் சோதித்தும் பார்த்தேன். திருத்தியதைச் சுவர் அட்டையில் ஏற்றி, வீட்டில் மதினியைப் பொத்தானிடம் நிறுத்திவிட்டு, நான் பம்புசெட் ரூமில் உட்கார்ந்து எண்ணினேன். நாற்பதுக்கு நாற்பது. ரூமுக்கும் வீட்டுக்கும் நடுவில் உழுது போட்ட கரிசல் மண்ணும் வெயிலும் தவிர எதுவும் இல்லை. இந்த ஊரில் பிறந்தவள் நான். புரட்டாசியில் விதைத்தது கார்த்திகையில் என் தலைக்கு மேல் நிற்கும் என்று தெரியாதவள் இல்லை.

அந்த ஒன்பதாவது காலைக்கு முந்தின நாள் சாயங்காலம் தொடங்கிய மழை விடியும்வரை பெய்தது. அண்ணன் பொத்தானை அழுத்திவிட்டு, அல்லது அழுத்தாமல், போனை எடுத்து நான்கு பேருக்கும் மிஸ்டு கால் கொடுத்தான். அது நிச்சயம். போனில் நேரம் இருக்கிறது, ஐந்து ஐம்பத்தொன்று. பாலை இறக்கி டம்ளரில் ஊற்றும்போது மேற்கே பக்கத்துப் புஞ்சைப் பெத்தம்மாள் சித்தி கத்துகிற சத்தம் கேட்டது. பேச்சாக இல்லை. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே கத்துகிற சத்தம்.

ஓடினோம். மழை பெய்த கரிசலில் ஓட முடியாது. ஒவ்வோர் அடிக்கும் பாதத்தில் மண் ஏறி, கால் கல்லாகிவிடும். அவள் புருஷன் கொம்பையா சித்தப்பா கம்பியின் மேல் கவிழ்ந்திருந்தார். வலது உள்ளங்கை கம்பியை மூடியிருந்தது. அந்தக் கை மட்டும் உயிருள்ளது போல நடுங்கிக்கொண்டிருந்தது. தோல் கருகுகிற வாடையில் மழை வாடையும் கலந்திருந்தது. சித்தி அவரைப் பிடிக்கப் பாய்ந்தாள். நான் அவள் முடியைப் பிடித்து இழுத்துச் சேற்றில் தள்ளி மேலே உட்கார்ந்துகொண்டேன். அவள் என் தோளைக் கடித்தாள். அண்ணன் பம்புசெட் ரூமுக்குள் ஓடி ப்யூஸைப் பிடுங்கினான். கை நின்றது.

ப்யூஸைக் கையில் வைத்துக்கொண்டு அவன் வெளியே வருவதை அதற்குள் கூடிவிட்ட ஆறேழு பேரும் பார்த்தார்கள். அதுவரை வேலியில் மின்சாரம் இருந்திருக்கிறது என்பதற்கு அதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை. ஒருவர் சித்தப்பாவின் மடியிலிருந்து போனை எடுத்தார். திரையில் அண்ணன் பெயர்.

புரட்டாசியில் வரப்புத் தகராறு ஒன்று நடந்திருந்தது. சித்தப்பா ஒரு முழம் தள்ளி உழுதுவிட்டார் என்று டீக்கடையில் வைத்து அண்ணன் அவர் சட்டையைப் பிடித்தான். "ஒருநா இல்லாட்டி ஒருநா என் கம்பியிலதாம்வே சாவீரு" என்றான். கடையில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து சொன்னபோது நானும் சிரித்தேன்.

மாரிசெல்வம் கோவில்பட்டியில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். கொம்பையா சித்தப்பாவின் ஒரே மகன். என்னைவிட எட்டு வயது சின்னவன். அவன் போன் ரிப்பேரானால் என்னிடம்தான் கொண்டு வருவான். ஏழு மணிக்குள் வந்துவிட்டான். அப்பாவைப் பார்க்கப் புஞ்சைக்குப் போகவில்லை. நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் அரிவாள் இருந்தது.

"மிஸ்டு கால் குடுத்திருக்காம்லே. வா, வந்து சாவுன்னு கூப்புட்டுக் கொன்னுருக்கான்."

முற்றத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் எழுந்திருக்கவில்லை. அதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஓடியிருக்கலாம். உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருக்கலாம். பிடுங்கிய ப்யூஸை இன்னும் கையில் வைத்திருந்தான். முதல் வெட்டு இடது முழங்காலில் விழுந்தது. விறகு பிளக்கிற சத்தம்தான். அண்ணன் அதற்கும் கத்தவில்லை, என்ன நடந்தது என்று பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தான். இரண்டாவது வெட்டு தோளில். மதினி தன் வாயைத் தானே அறைந்துகொண்டாள். சுற்றி நின்றவர்களில் ஒருவர் "ஏலே, வேண்டாம்லே" என்று நின்ற இடத்திலிருந்தே சொன்னார்.

அந்த நேரத்தில் எனக்குள் ஓடியது டிரைவர். நம்பக் கஷ்டமாக இருக்கும். அண்ணனின் ரத்தம் முற்றத்துச் சாணத்தரையில் ஊறிக்கொண்டிருக்க, நான் அந்த நிரலை வரி வரியாக வாசித்துக்கொண்டிருந்தேன். அனுப்பு. அவ்வளவுதான். ஒரே ஒரு முறை. ஈரம் சொட்டும் ஐந்து ஏக்கர் இலைக்குள் ஒரே ஒரு முறை.

"அவன் அமத்தினான்! நாந்தான் கொன்னேன்!" என்று கத்தினேன். "பொத்தான அமத்தினான், கரண்டு நிக்கல. நான் நாலு வரிய எடுத்துட்டேன். மூணு தடவ போவ வேண்டியது ஒரு தடவதான் போயிருக்கு. தப்பு என்னோடது மாரி."

யாருக்கும் புரியவில்லை. மாரிசெல்வம் மட்டும் திரும்பினான். அவன் கன்னத்தில் அண்ணனின் ரத்தம் இருந்தது.

"பச்ச எரிஞ்சத நீ பாத்தியா?"

அவனுக்கும் அந்த விளக்கு தெரியும். அதன் கம்பியைப் பற்றவைக்கும்போது அவன்தான் டார்ச் பிடித்தான்.

"பாத்தேன்."

"நெசமா பாத்தியா?"

"பாத்தேன் மாரி."

அவன் என்னைக் கடந்து அடுப்படிக்குள் போனான். சுவரில் இருந்த அட்டையைப் பிடுங்கி அம்மியின் மேல் போட்டு மூன்று முறை வெட்டினான். அனுப்பியதை நேரத்தோடு குறித்து வைத்திருக்கும் அந்த அட்டைதான், அன்று காலையில் கட்டளை போனதா என்பதைச் சொல்லக்கூடிய ஒரே பொருள். தடுக்கக் கை நீட்டினேன். அரிவாள் என் வலது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்தது, தோல் கிழியவில்லை. மழுங்கின பக்கம். அவனாகத் திருப்பிப் பிடித்தானா, கைக்குள் தானாகத் திரும்பியதா, எனக்குத் தெரியாது. அவனும் சொன்னதில்லை.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். நான் சொன்னதை இரண்டு முறை கேட்டுவிட்டு, "தங்கச்சி, வேலிக்குக் கள்ளக் கரண்டு குடுத்தது யாரு? அத மட்டும் சொல்லு" என்றார். அது வேண்டுமென்றே செய்த கொலையா இல்லையா என்ற இடத்தில் என் பேச்சைச் சேர்த்துக்கொண்டார். இடது கையால் கையெழுத்துப் போட்டேன்.

கட்டுப் போட்ட கையோடு சுவரில் இன்னோர் அட்டையை மாட்டிவிட்டு, மக்காச்சோளத்துக்குள் இருந்த பம்புசெட் ரூமுக்குப் போனேன். மழை பெய்து ஓய்ந்த காலையாகப் பார்த்துத்தான் போனேன். மதினி வீட்டிலிருந்து பொத்தானை அழுத்தினாள். ஒருமுறை அனுப்பினால் நூற்றுக்கு அறுபத்தொன்று போய்ச் சேர்ந்தது. பழையபடி மூன்று முறை அனுப்பினால் தொண்ணூற்று நான்கு. அந்தக் குளிர் தேசத்துக்காரர் ஏதோ ஒரு காட்டில் நின்று இதைக் கண்டிருக்க வேண்டும். கண்டும் எழுதி வைக்கவில்லை. அப்போதும் மிச்சம் ஆறு இருக்கிறது. பொத்தானையே அழுத்தாவிட்டால் நூற்றுக்கு நூறும் மிச்சம்.

நான்கு வரிகளையும் திரும்பச் சேர்த்துக் கெர்னல் குழுவுக்கு அனுப்பினேன். நான் பார்த்தேயிராத ஒருவர் மறுநாள் பதில் எழுதினார்: எந்தச் சூழலில் தவறு தெரிந்தது, விளக்கவும். இரண்டு நாள் அந்த அஞ்சலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஈரமான, ஆள் உயரப் பயிர் நடுவில் இருக்கும்போது என்று எழுதினேன். நன்றி சொல்லி ஏற்றுக்கொண்டார்கள்.

அண்ணனை ஆஸ்பத்திரிக் காவலில் வைத்திருந்தார்கள். கட்டிலோடு கையில் விலங்கு. போலீஸ்காரர் டீ குடிக்கப் போனபோது என்னைக் குனியச் சொன்னான்.

"ஏட்டி, பச்ச எரிஞ்சுதா?"

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் என்னைச் சோதிக்கவில்லை. அவனுக்கே தெரியவில்லை.

"தெனமும் அமத்துதது. அன்னைக்கு அமத்துனேனா, சும்மா நின்னுட்டு வந்தேனா... அவரு மொகம் வந்துக்கிட்டே இருக்குட்டி. நீ பின்னால திரும்பிப் பாத்தியா?"

"எரிஞ்சுதுண்ணே" என்றேன். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மகாராஜா அண்ணன் ஜாமீனில் வெளியே இருக்கிறான். இடது கால் மடங்காது. வழக்கு நடக்கிறது. பேபி மதினி குளத்தூரில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், வாரம் ஒருமுறை போன் பேசுகிறாள். மாரிசெல்வம் எழுபது நாள் ஜெயிலில் இருந்துவிட்டு வந்து மறுபடி ஆட்டோ ஓட்டுகிறான். அவன் மேலும் ஒரு வழக்கு இருக்கிறது. என் மணிக்கட்டு கூடிவிட்டது, குளிரில் வலிக்கும். அந்த டிரைவருக்கு இன்னும் நான்தான் பொறுப்பு. கம்பியை முழுவதுமாகச் சுருட்டிப் போலீஸ் கொண்டுபோய்விட்டது. கல்தூண்கள் மட்டும் நிற்கின்றன. பெத்தம்மாள் சித்தி காலையில் தன் உளுந்துக்குப் போகும்போது சித்தப்பா விழுந்த இடத்து இரண்டு தூண்களுக்கு நடுவே வந்து நிற்கிறாள். சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலை உயர்த்தி, அங்கே இல்லாத கம்பியைத் தாண்டிப் போகிறாள்.