உயிரோடிருந்தவனுக்கு ஊற்றிய மது

திமானோர் போன கப்பல் புயலில் கவிழ்ந்தது. உடல்கூடக் கிடைக்கவில்லை. எரெத்ரியா என்ற கிரேக்க ஊருக்கு வெளியே வெறும் கல்லறை ஒன்றை எழுப்பி, வீட்டு வெண்கலக் கூஜாவால் அவன் பெண்டாட்டி நிகாரெட்டாதான் செத்தவர்களுக்குரிய மதுவை மண்ணில் ஊற்றினாள்.

மறு வருஷம் அவள் முற்றத்தில் ஆலிவ் காய்க்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது, அவன் எலும்பும் தோலுமாக வாசலில் வந்து நின்றான். இருமல் விடவில்லை. அவனுடைய அப்பா ஆர்கிப்போஸ் குறுக்கே வந்து மறித்தார்.

"அங்கயே நில்லு. உனக்கு மது ஊத்தியாச்சு. பாதாளத்துச் சாமிங்க வாங்கிக்கிட்டாங்க. நீ உள்ள வந்தா வீட்டுக்கே தீட்டு."

"செத்தாத்தானேப்பா தீட்டு?"

கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டாரே தவிர வழி விடவில்லை. பூசாரியைக் கேட்டார்கள். அமாவாசையன்று அவனைக் குளிப்பாட்டி, பச்சைக் குழந்தைபோல் துணியில் சுற்றி, புதிதாகப் பிறந்தவனாக வீட்டுக்குள் எடுக்கலாம், அதுவரை யாரும் தொடக்கூடாது என்றார் அவர்.

திமானோர் படகுக் கொட்டகையில் தங்கினான். நிகாரெட்டா பார்லிக் கஞ்சியை அங்கே ஒரு கல்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள்.

"அமாவாசைக்கு நான் பொறந்தா, நீ எனக்குப் பொண்டாட்டியா, அம்மாவா?"

"ரெண்டுந்தான். முதல்ல கஞ்சியக் குடிங்க."

"கையக் குடேன், நிகா. கொஞ்ச நேரம்."

"மாமா பாக்குறாரு. இன்னும் நாலு நாள்தானே, பொறுத்துக்கங்க."

அமாவாசைக்கு முந்தின நாள் காலையில், முந்தைய இரவு வைத்த கஞ்சி தொடாமலே கிடந்தது. நிகாரெட்டா நேரே உள்ளே போய் அவன் கையைப் பிடித்தாள். விறைத்துப் போயிருந்தது. அவள் அதை விடாமல் மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆர்கிப்போஸ் வந்து வாசலிலேயே நின்றார். "அந்தக் கல்லறையிலேயே வெச்சிடலாம்மா. மது வேண்டாம். ஒருத்தனுக்கு ரெண்டு தடவ ஊத்துற வழக்கமில்ல" என்றார்.

"அன்னிக்கு ஊத்துனது கடல்ல செத்த யாரோ ஒருத்தனுக்கு மாமா. இவருக்கு இன்னும் ஊத்தல."

அவர் வீட்டுக்குப் போய்க் கூஜாவை நிரப்பி எடுத்து வந்தார். வழியெல்லாம் தளும்பிச் சிந்தியிருந்தது.

அவனைக் கல்லறையில் வைத்து மூடியபின் அவள் ஊற்றத் தொடங்கியதும் கிழவரும் கூஜாவின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டிய இடத்தில் அவருக்குக் குரல் எழும்பவில்லை. நிகாரெட்டாதான் கூப்பிட்டாள்.