பாதியில் நின்ற கை

காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் அணைத்துக் கிடக்கும் திருவரங்கத்தின் கோபுர முகட்டில் அந்திச் செவ்வொளி தயங்கி நிற்க, மலைக்கோட்டைக்கு அப்பால் கதிரவன் சாய, லால்குடி வயல்களில் மேய்ந்த கொக்குகள் கூட்டமாய்க் கூடு திரும்ப, பகலெல்லாம் இரும்பை அறுத்தும் தட்டியும் களைத்த அரியமங்கலத்துப் பட்டறைகள் ஒவ்வொன்றாய்க் கதவடைத்துக்கொண்டிருந்த வேளை அது. நற்றமிழ் நெஞ்சீர், அப்பட்டறைகளின் பின்னே ஒற்றையறை வீடொன்றுக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். நிலை தாழ்வானது; குனிந்தே வாருங்கள்.

காந்திச் சந்தையில் வெங்காய மூட்டை சுமந்து மகளைப் படிக்கவைத்த கைம்பெண் அற்புதம்மாளின் வீடு அது. சுவரில் அன்றுவரை தொங்கிய மரியன்னையின் படம் பழஞ்சேலையில் சுற்றப்பட்டு அரிசித் தகரத்துக்குள் புதைந்திருந்தது. அது தொங்கிய இடத்தில், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய முருகன் நாள்காட்டி. பிறந்தது முதல் பொட்டே அறியாத மகள் ஜெஸ்லினின் நெற்றியில் அன்று பெரிய குங்குமப் பொட்டு ஒன்று இருந்தது. முருகன்மீது அவளுக்கு மனத்தாங்கல் ஏதுமில்லை. தன் வீட்டில் தானே ஒளிந்து நிற்கிறோமே என்பதுதான் அவளைத் தின்றது.

காரணம் இதுதான். தொட்டியத்து அரசுப் பள்ளியில் ஆசிரியைப் பணிக்கு அவள் தேர்வாகியிருந்தாள், பட்டியல் சாதியார்க்குரிய ஒதுக்கீட்டில். ஆனால் அச்சாதியில் பிறந்தும் கிறித்துவை ஏற்றோர்க்கு அவ்வொதுக்கீடு இல்லை என்பது நாட்டின் சட்டம். திருமுழுக்கின் ஞானத்தண்ணீர் சாதியைக் கழுவிவிடுமாம்! கழுவிய அழகைக் காண விரும்புவோர் அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போகட்டும். அவள் தந்தை அற்புதசாமியை உடன் தொழுத கிறித்தவர்களே முள்வேலிக்கு அப்பால் தனி மூலையில் புதைத்திருக்கிறார்கள். சட்டம் அவளைக் கிறித்தவள் என்று தள்ளும், கிறித்தவரோ அவளைச் சாதி சொல்லித் தள்ளுவர். இந்த இடுக்கில்தான் அவள் பிறந்து வளர்ந்தாள்.

தாய்மாமன் இன்னாசிராஜ் அவளைப் பள்ளியில் சேர்த்தபோதே ஜோதி என்று இந்துப் பெயர் கொடுத்திருந்தார். தாமும் அவ்வாறே பெயர் மறைத்து அரசுப் பணி பெற்று, இன்றளவும் தம்மை அறியாத தொலைவூர் மாதா கோயிலின் கடைசி வரிசையில் அமர்ந்து மன்றாடுபவர் அவர். சாதிச் சான்றுக்காக வீட்டை நேரில் கண்டு விசாரிக்க வருவாய் ஆய்வாளர் வருகிறார் என்றதும், படத்தை ஒளித்ததும் பொட்டு வைத்ததும் அவர் ஏற்பாடே.

"ஆண்டவரு நெஞ்சைத்தான் பாப்பாரு, பாப்பா. ஆபீசருதான் நெத்தியப் பாப்பாரு. இன்னிக்கு ஒரு பொழுது வாயத் தொறக்காம இரு."

"ஒரு பொழுதுன்னுதான் நீங்களும் ஆரம்பிச்சிருப்பீங்க மாமா," என்றாள் ஜெஸ்லின்.

ஆய்வாளர் ரெங்கராஜ் திருவரங்கத்துக்காரர்; கனிந்த முகமும் தாழ்ந்த குரலும் உடையவர். கொடுத்த தேநீரைப் பருகி, நாள்காட்டியைப் பார்த்து, பொட்டைப் பார்த்து, "சரிங்கம்மா, எல்லாம் சரியா இருக்கு," என்று அவர் எழுந்த அந்நொடியில் மணி அடித்தது.

படத்தை ஒளித்தவர்கள் ஆலய மாலைமணியை மறந்துபோனார்கள்! வானதூதர் மரியன்னைக்கு உரைத்த நற்செய்தியை நினைந்து அந்தியில் அடிக்கும் மணி அது. கேட்டமாத்திரத்தில் அத்தெருக் கிறித்தவர்கள் எவ்வேலையையும் விட்டு நின்று சிலுவை வரைந்துகொள்வர். ஆண்டாண்டுப் பழக்கம் அறிவைக் கேட்குமா? அற்புதம்மாளின் வலக்கை தானே எழுந்து நெற்றியைத் தொட்டு, மார்புக்கு இறங்கி, அங்கே திடுக்கிட்டு நின்றது; நின்ற கை முந்தானையைச் சரிசெய்வதாய் நடித்தது.

ஆய்வாளர் கண்டுகொண்டார். ஆயினும் ஏழைமேல் இரங்கியவராய், "ரொம்ப வெக்கைங்க. வேர்வையத் துடைச்சுக்குங்கம்மா," என்றார்.

தப்பிக்கக் கதவு திறந்தே கிடந்தது. ஆனால் ஜெஸ்லின் பார்த்தது தாயின் கையை மட்டுமே. கணவனை முள்வேலிக்கு அப்பால் இறக்கிய நாளிலும் நடுவில் நிற்காத கை, தனக்காக இன்று நின்றுவிட்டதே என்று அவள் நெஞ்சு வெடித்தது. பொட்டைப் புறங்கையால் அழித்தாள். நெற்றி, மார்பு, இரு தோள் என நிறுத்தி நிதானமாகச் சிலுவை வரைந்தாள்.

"நான் எதையும் பாக்கலம்மா. யோசிச்சு நடந்துக்க," என்றார் ஆய்வாளர், வாயிற்பக்கம் திரும்பியபடி.

"நீங்க பாக்கணும்னுதான் சார் போட்டேன். என் பேரு ஜெஸ்லின்."

இன்னாசிராஜ் தலையில் கைவைத்து அமர்ந்தார். அற்புதம்மாளோ மகளின் தோளைப் பிடித்து உலுக்கி, "என் தலைச்சுமை எறங்கும்னு இருந்தேனேடி பாவி!" என்று கதறினாள். மகளும் அழுதாள்.

வேலை போயிற்று. தாய் மகளோடு பேசாமலே மூட்டை தூக்கப் போனாள். கல்லறைத் தோட்டத்து வேலியை எவரும் அகற்றவில்லை, சட்டமும் மாறவில்லை. அற்புதம்மாள் ஒருநாள் அரிசி அள்ளக் கைவிட்டபோது படம் தட்டுப்பட்டது. எடுத்து, ஒட்டியிருந்த தவிட்டை முந்தானையால் துடைத்து, பழைய ஆணியில் மாட்டினாள். வெளியே மாலைமணி அடித்தது. மூட்டை சுமந்து காய்த்த அக்கை எழுந்து, நெற்றியும் மார்பும் இரு தோளும் தொட்டு முடிந்தது.

"சோத்துக்கு என்னடி செய்யப்போறோம்?" என்றாள், அன்றுதான் முதன்முதலாய் மகளிடம் வாய்திறந்து. ஜெஸ்லின் எழுந்து உலை வைத்தாள். மெய்யைப் பற்றி நின்றோர்க்கு உலகம் எப்போதும் வழிவிடுவதில்லை, அன்பரே. அவ்வீட்டின் நிலையும் இன்றுவரை தாழ்ந்தேதான் இருக்கிறது. ஆனால் அங்கே யாரும் ஒளிந்திருக்கவில்லை.