வெந்நீர்ப் பக்கம்

பழைய வால்வைப் பிடித்துக்கொண்டிருந்த கடைசிச் செம்புக் குழாயையும் அறுத்து முடித்தபோது, ரெனேயின் மூக்கு நுனியில் துருத்தண்ணீர் ஒரு சொட்டு விழுந்தது. அவள் அம்மாவின் துணி அலமாரிக்குள் மண்டியிட்டிருந்தாள். குளியல் தொட்டியின் குழாய்கள் எல்லாம் அலமாரியின் பின்பலகைக்கு அந்தப் பக்கம்தான் ஓடின. பலகையைக் கழற்றுவதற்காக அம்மாவின் உடுப்புகளை அள்ளிக் கட்டிலில் மலையாகக் குவித்திருந்தாள்.

"வந்துருச்சா?" கூடத்திலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

"வந்துருச்சுப்பா. மூணு திருகோட முழுசா வந்துருச்சு."

"கொண்டா, பாப்போம்."

முன்பு டிவி இருந்த இடத்தில் இப்போது அப்பாவின் கட்டில் கிடந்தது. தலைப்பக்கத்தை ஏற்றி இறக்குகிற ஆஸ்பத்திரிக் கட்டில். இனி ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டிலேயே இருந்துவிட்டுப் போகிறேன் என்று அவர் சொன்ன அன்றைக்கு வந்தது. பக்கத்தில் ஆக்சிஜன் பெட்டி ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது. ரெனே வால்வைத் துணியால் துடைத்து அவர் கையில் வைத்தாள். அந்தக் கைக்குப் பித்தளையின் கனம் தாங்கவில்லை. மார்பின்மேல் சாய்த்துவைத்துக்கொண்டு இடப்பக்கத் திருகைத் தடவிப் பார்த்தார்.

"வெந்நீர்ப் பக்கம்" என்றார். "இதோட மல்லுக்கட்டியே என் ஆயுசு போச்சு."

அதில் மிகை ஒன்றும் இல்லை. அந்த வால்வுக்கு மூன்று திருகு. இடது வெந்நீர், வலது பச்சைத்தண்ணீர், நடுவில் இருப்பது தொட்டிக்கா ஷவருக்கா என்று மாற்றுவது. இரண்டையும் எந்த அளவில் கலந்தால் உடம்பு தாங்கும் என்பது அப்பா லோவெலின் கைக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். அவரே கலந்து வைத்தாலும், குளிக்கும்போது வீட்டில் யாராவது கக்கூஸில் தண்ணீர் விட்டால் போதும், ஷவர் கொதித்துக் கொட்டும். அதனால் அந்த வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. கக்கூஸுக்குள் போனவர்கள் தண்ணீர் விடுமுன் "தண்ணி!" என்று ஒரு சத்தம் போடவேண்டும். குளிக்கிறவர் சட்டென்று ஓரம் ஒதுங்கிக்கொள்வார். புதிதாக வருகிற விருந்தாளிக்கு உட்காருமுன்பே இந்தப் பாடம் நடந்துவிடும்.

அப்பாவின் தம்பி ஓரினுக்கு மட்டும் எத்தனை வருஷமானாலும் அது மண்டையில் ஏறவில்லை. ஒருநாள் அவர் சத்தம் போடாமல் தண்ணீரை விட்டுவிட்டார். அம்மா ஷவரில் நின்றிருந்தாள். சர்க்கரை வியாதியில் அம்மாவின் கால்களுக்கு அதற்கு முன்பே உணர்ச்சி போயிருந்தது. தோளில் சுட்டதும் விலகிக்கொண்டவள், கொதிநீர் பாதத்தில் தேங்கி நின்றதை உணரவே இல்லை. துடைக்கும்போது துண்டோடு தோலும் வந்தது. அன்றிலிருந்து அம்மா குளிப்பதென்றால் அப்பா முதலில் போய்க் கலந்து வைக்கவேண்டும், அவள் குளித்து முடிக்கும்வரை கதவருகில் காவல் இருக்கவேண்டும் என்று ஆனது. செய்தித்தாளை அங்கேதான் படிப்பார்.

அப்பா படுத்தபிறகு அம்மா தொட்டியில் கால் வைக்கவில்லை. வாஷ்பேசினில் துணியை நனைத்து உடம்பைத் துடைத்துக்கொள்வாள். கேட்டால், "இந்த வயசுல என்ன அழுக்கு" என்பாள்.

படுக்கையில் கிடந்தபடி அப்பா யோசித்தது இதைத்தான். மரணத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வால்வைப் பற்றித்தான் பேசினார். ஒற்றைக் கைப்பிடி வைத்தது, யார் எங்கே தண்ணீர் விட்டாலும் சூடு ஏறாமல் தானே சமன்செய்துகொள்வது என்று இன்று வருகிறதே, அதில் ஒன்று வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் பராமரிப்பு வேலை பார்க்கிற ரெனே அப்படி எத்தனையோ மாட்டியிருக்கிறாள். ஆனாலும் கடையில் அவளை நிறுத்திவைத்து, போன் வழியாக ஒவ்வொன்றையும் காட்டச்சொல்லிப் பொறுக்கியெடுத்தது அப்பாதான். எண்ணில் சூடு காட்டுகிற ஒன்றைப் பார்த்துவிட்டு, "கரண்டு போனா அது வர்ற வரைக்கும் அவ சோப்போட நிக்கணுமா?" என்று தள்ளினார். உருண்டைப் பிடி வைத்தது அழகாக இருந்தது. "அவ விரல் மடங்காது. நீட்டமா இருக்கறத எடு. மணிக்கட்டால தள்ளினாப் போதும்."

அம்மா எதையும் பார்க்க வரவில்லை.

"எதுக்கு இப்ப இதெல்லாம்? இருக்கறது நல்லாத்தானே இருக்கு" என்று அடுக்களையிலிருந்தே சொன்னாள்.

"உனக்கு அதத் திருகத் தெரியாது, ஆர்டிஸ்."

"நீதான் திருகுவியே."

அம்மா கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவ ஆரம்பித்தாள். அன்றைக்கு அவரைப் பார்க்க வந்திருந்த நர்ஸ் கிளெண்டா, ரெனேயை வாசல் வரை அழைத்துப்போய்ச் சொன்னாள்: "உடம்பு எப்பவோ முடிஞ்சுபோச்சு, ரெனே. மனுஷன் எதுக்கோ காத்துக்கிட்டிருக்கார். என்னன்னு தெரிஞ்சா சீக்கிரம் முடிச்சுக் குடுங்க."

அதனால்தான் இன்று விடிந்ததும் அவள் அலமாரிக்குள் புகுந்துவிட்டாள்.

புது வால்வை ஈயம் உருக்கி ஒட்ட முடியாது. ஆக்சிஜன் ஓடுகிற வீட்டில் நெருப்புக் கூடாது. குழாயை உள்ளே தள்ளினால் தானே கவ்விக்கொள்கிற பித்தளை இணைப்புகளை வாங்கி வந்திருந்தாள். அப்பாவுக்கு அதில் திருப்தி இல்லை.

"நெருப்புக் காட்டாத இணைப்பு நிக்குமா?"

"நிக்கும்பா. நெருப்புக் காட்டினா நாம மூணு பேரும் சேந்தே போயிரலாம், பரவாயில்லையா?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாறியது. அம்மா ஓடிவந்து அவர் முதுகைத் தாங்கிப் பிடித்தாள். "அவர சிரிக்க வைக்காத" என்று மகளைக் கடிந்துகொண்டாள். மூச்சு நிலைக்கு வந்ததும் தன் கையை உருவிக்கொண்டு போய்விட்டாள்.

இணைப்புகள் குழாய்களைக் கவ்விக்கொண்டன. கைப்பிடி மாட்டுமுன் ஒரு வேலை பாக்கி இருந்தது. உள்ளே பல் வைத்த ஒரு பிளாஸ்டிக் வளையம் உண்டு. கைப்பிடி சூட்டுப் பக்கம் எவ்வளவு தூரம் போகலாம் என்று தடுப்பது அதுதான்.

"கடைசிப் பல்லுல வை. சூட்ட எவ்வளவு கம்மியா வைக்க முடியுமோ அவ்வளவு கம்மியா" என்றார் அப்பா.

"அப்பா, இது ஜனவரி. ஏரியில பாதி ஐஸ். அங்கேருந்து வர்ற தண்ணி இதுல கலந்தா வெதுவெதுப்புக்கூட வராது."

"அவ கால் வெந்தா அவளுக்குத் தெரியாது. உனக்கு மறந்துபோச்சா?"

"ரெண்டு பல்லு ஏத்தினா ஒண்ணும் வேகாது. நான் சூடு பாத்துட்டுத்தான்…"

"கடைசிப் பல்லு, ரெனே."

சாகக் கிடக்கிறவரிடம் யார் வாதாடுவது? வேறு பல்லில் வைத்துவிட்டு ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் அப்பா மகளை அறிந்தவர். "வச்சுட்டு ஒரு போட்டோ எடுத்துக் காட்டு" என்றார். காட்டினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பற்களை எண்ணிப் பார்த்தார்.

நிலவறைக்கு இறங்கிப் போய் மெயின் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு வந்தாள். எங்கும் கசிவு இல்லை. கைப்பிடியைச் சூட்டுப் பக்கம் போகும்வரை தள்ளி, கையை நீட்டிப் பார்த்தாள். அவள் பயந்தபடியேதான் இருந்தது. குழந்தையைக் குளிப்பாட்ட மாட்டார்கள் அந்தத் தண்ணீரில்.

கூடத்தில் அப்பா அம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஒரு தடவ. எனக்காகப் போய்க் குளிச்சுட்டு வா."

"சாயந்திரம் பாத்துக்கறேன்."

"இப்ப போ, ஆர்டிஸ்."

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பல நாளாக அவர் முகத்தை நேராகப் பார்க்காமலே பாலும் மருந்தும் கொடுத்துவந்தவள். பார்த்துவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

குளியலறை வாசலில் ரெனே அவள் காதோடு சொன்னாள்: "அம்மா, ஜில்லுனு இருக்கு. ஒரு நிமிஷம் பொறு, சத்தமில்லாம அந்த வளையத்த…"

"நகரு" என்றாள் அம்மா.

திரைக்குப் பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம். அவள் மூச்சை இழுத்துப் பிடிப்பது ரெனேவுக்குக் கேட்டது. பிறகு, கூடம் வரை எட்டுகிற மாதிரி ஒரு குரல்.

"நல்லா சூடா இருக்கு, லோவெல்!"

"நீயே திருகினியா?"

"நானேதான்! மணிக்கட்டால தள்ளினேன், சும்மா வழுக்கிக்கிட்டுப் போகுது!"

அதோடு வந்துவிடுவாள் என்று ரெனே நினைத்தாள். வரவில்லை. நிஜமாகக் குளிக்கிறவர் எவ்வளவு நேரம் குளிப்பாரோ அவ்வளவு நேரமும் அந்தத் தண்ணீரில் நின்றாள். தலைக்குக்கூட ஷாம்பு போட்டாள். கதவின் இந்தப் பக்கம் நின்றிருந்த மகளுக்குத்தான் பொறுக்கவில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அம்மா துண்டைத் தலையில் சுற்றி, கனத்த அங்கியை இறுக்கிக்கொண்டு நேராக அவரிடம் போனாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

"கால்?" என்றார் அப்பா.

"ஒண்ணும் சுடல. இதமா இருந்துச்சு."

அவர் கையை நீட்டினார். அம்மா கொஞ்சம் தயங்கிவிட்டுக் கொடுத்தாள். அதை இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்து வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சரி. போய்த் துணி மாத்திக்கோ" என்றார் கடைசியில்.

அவள் போனதும் ரெனேயைக் கண்ணால் அழைத்தார். அவள் குனிந்து வாய் அருகே காதை வைத்தாள்.

"ரெண்டு பல்லு ஏத்திரு."

"இப்பவே ஏத்தறேன்பா."

"இப்ப வேணாம். இப்ப போய் அதக் கழட்டினா நான் கண்டுபிடிச்சுட்டேன்னு அவளுக்குத் தெரிஞ்சிரும்." மூச்சு வாங்கிக்கொண்டார். "எல்லாம் முடிஞ்சப்புறம் ஏத்து. அவகிட்ட எதுவும் சொல்லிராத."

படுக்கையறையில் அம்மா குவிந்துகிடந்த உடுப்புகளுக்கு உள்ளேயே புதைந்து உட்கார்ந்திருந்தாள். கம்பளிச் சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்துப் போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. ரெனே பக்கத்தில் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டாள். ஈரத் தலை கழுத்தில் பட்டுச் சில்லிட்டது.

"அப்பாகிட்ட சொல்லிராத" என்றாள் அம்மா.

"மாட்டேன்."

மதியச் சாப்பாட்டு வேளைக்குப் பிறகு அப்பாவின் மூச்சு விட்டுவிட்டு வர ஆரம்பித்தது. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர் பனி தள்ளுவதை, தள்ளிய பனி தங்கள் வாசலிலேயே வந்து விழுவதைப் பற்றியெல்லாம் குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் அவள் பேச்சும் நிற்கும். அவர் மூச்சு விட்டதும் தொடரும். பிறகு ஒரு தடவை பேச்சு தொடரவே இல்லை. ஆக்சிஜன் பெட்டி மட்டும் தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. ரெனே போய் அதை அணைத்தாள். வீடு இவ்வளவு அமைதியானது என்பது அப்போதுதான் தெரிந்தது.

கிளெண்டா வந்தாள். இரண்டு பேர் கறுப்புக் கோட்டில் வந்து, பூட்ஸைத் துடைத்துக்கொண்டு உள்ளே நுழைந்து, அவரை எடுத்துக்கொண்டு போனார்கள். ரெனே நிலவறைக்கு இறங்கிப் போய், தண்ணீர் ஹீட்டர் பக்கத்தில் நின்று அழுதாள். வாய்விட்டு, அப்பா அப்பா என்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதாள். மேலே அம்மா கட்டில் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சர்ச் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அடியில் தங்கள் பெயரை டேப்பில் எழுதி ஒட்டிய கண்ணாடிப் பாத்திரங்களில் உருளைக்கிழங்கு அடுக்கிச் சுட்ட பண்டங்கள் அடுக்களை மேடை முழுக்கச் சேர்ந்தன. பாதிரியாரைப் பார்க்கப் போகவேண்டியிருந்தது. அம்மா குளிக்கவேண்டும் என்றாள்.

அவள் துண்டு தேடிக்கொண்டிருந்தபோதே ரெனே திருப்புளியோடு தொட்டிக்குள் இறங்கிவிட்டாள். கைப்பிடியைக் கழற்றி, வளையத்தை வெளியே இழுத்து, இரண்டு பல் தள்ளி மாட்டினாள். தண்ணீரைத் திறந்து தன் கையில் விட்டுப் பார்த்தாள். நல்ல சூடு, ஆனால் சுடவில்லை. திரும்பியபோது அம்மா வாசலில் நின்றிருந்தாள்.

"என்ன பண்றே?"

"கசியுதான்னு பாத்தேன்."

அம்மா சோப்புத்தட்டில் கிடந்த திருப்புளியைப் பார்த்தாள். கைப்பிடியைப் பார்த்தாள். பிறகு மகளை.

"அப்பாவுக்குத் தெரிஞ்சிருச்சா?"

"என்ன?"

"தண்ணி ஜில்லுனு இருந்தது."

"இல்லம்மா" என்றாள் ரெனே. "தெரியல. அவருக்கு ரொம்ப சந்தோஷம்."

அம்மா தலையை ஆட்டினாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ரெனே நடைவழியில் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"சூடு எப்படிம்மா இருக்கு?"

தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. இன்னொரு தடவை கேட்கலாமா என்று அவள் வாயெடுத்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நேத்து மாதிரியேதான் இருக்கு."

கதவிடுக்கிலிருந்து நீராவி வெளியே வந்தது. நடைவழி ஜன்னலில் உறைந்திருந்த பனி ஓரத்தில் கரைந்து, கண்ணாடியில் கோடாக இறங்கியது.