யார் பெயரில் இன்சூரன்ஸ்

பாட்ரீசியாவும் அவள் தம்பி ரெஜினால்டும் மூன்று வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. ஆனால் அம்மா விட்டுப்போன சாமான்களை மட்டும் இருவருமாகச் சேர்ந்துதான் காவல் காத்தார்கள். மலேசியாவில் மலாக்கா நகருக்கு வெளியே உள்ள ஆயர் குரோ தொழிற்பேட்டையில், சாமான் போட்டுவைக்க வாடகைக்கு விடும் கிடங்கில், கீழ்த்தளத்து அறை ஒன்று. கதவில் இரண்டு பூட்டு. ஒன்றின் சாவி அக்காவிடம், மற்றதன் சாவி தம்பியிடம். ஒருவர் மட்டும் தனியாக வந்தால் கதவைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

அம்மா குடியிருந்தது வாடகை வீடு. அடக்கம் முடிந்த கையோடு வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். தேக்கு அலமாரியும் பிரம்பு சோபாவும் தனக்குத்தான் என்று அம்மா சொன்னதாகப் பாட்ரீசியா சொன்னாள். அதே அலமாரியையும் அதே சோபாவையும் தனக்குத் தருவதாக அம்மா சொன்னதாக ரெஜினால்ட் சொன்னான். இரண்டுமே உண்மையாகத்தான் இருக்கும். அந்த அம்மாள் யார் முகத்தையும் வாடவிட்டவள் இல்லை.

சாமான் இறங்கிய அன்றே கிடங்கு மேனேஜர் குகன் இன்சூரன்ஸ் பற்றிக் கேட்டான்.

"யார் பேர்ல போடட்டும்?"

"என் பேர்ல," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

இரண்டு பேரையும் சேர்த்தே போடலாம் என்றான் குகன். தம்பி பேரைச் சேர்த்தால் பாதி அவனுடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடாதா? பாட்ரீசியா முடியாது என்றாள். ரெஜினால்டும் அதையே யோசித்து அதையேதான் சொன்னான். ஒற்றுமை என்றால் அந்த ஒற்றுமை வேறெந்தக் குடும்பத்திலும் பார்க்க முடியாது. குகன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான்.

போன வாரம் மழை விடாமல் அடித்தது. கிடங்குக்குப் பின்னால் ஓடும் பெரிய சாக்கடை நிரம்பி, கீழ்த்தளம் முழுக்க இடுப்பளவு தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்ததும் குகன் இருவருக்கும் தனித்தனியாகப் போன் போட்டான்.

பாட்ரீசியா அன்று காலை மலாக்காவிலிருந்து கிடங்குக்குக் கிளம்பியது சாமானை நினைத்து அல்ல. அடுத்த மாதம் மகள் மெலிசாவுக்குக் கல்யாணம். கணவர் டெஸ்மண்ட் உயிரோடு இல்லை. சர்ச்சில் பெண்ணைக் கைப்பிடித்துப் பீடம் வரை அழைத்துப் போக இருக்கிற ஒரே ஆள் இந்தத் தாய்மாமன்தான். வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பியிருந்தாள். பார்த்துவிட்டதற்கு அடையாளமாக நீலக் கோடு விழுந்தது. அவனிடமிருந்தோ அவன் மனைவி மிஷேலிடமிருந்தோ பதில்தான் வரவில்லை. அது அவளுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. இன்றைக்கு நேரிலேயே கேட்டுவிடுவது என்று வழியெல்லாம் காருக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ரெஜினால்ட் ரப்பர் பூட்ஸோடு முன்னாடியே வந்து நின்றான். தலை நன்றாக நரைத்திருந்தது.

"பசியாறிட்டியா?" என்று கதவைப் பார்த்துக் கேட்டான்.

"ஆச்சு," என்று அவளும் கதவுக்கே பதில் சொன்னாள்.

கதவு திறந்ததும் வந்த நாற்றத்தில் இருவரும் ஒரு சேர மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். சோபா கறுத்துப்போய்ச் சேற்றில் சாய்ந்து கிடந்தது. அலமாரி ஊதி, கதவுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு திறக்கவே மாட்டேன் என்றன. மெத்தையில் காளான் முளைக்க ஆரம்பித்திருந்தது.

"இன்சூரன்ஸ் இல்லாம நாங்க ஒண்ணும் செய்ய முடியாதுக்கா," என்றான் குகன். "சாயந்தரத்துக்குள்ள காலி பண்ணணும்லா. சாமான் ஓனர்தான் லோரி பிடிச்சு சம்பா, குப்பையெல்லாம் கொட்டுற இடத்துக்கு அனுப்பணும். யாரு ஓனர்?"

ரெஜினால்ட் ஊதிப்போன அலமாரியைப் பார்த்தான்.

"அக்காதான்," என்றான் ரெஜினால்ட். "அலமாரி அவங்களுக்குன்னு அம்மா வாயால சொன்னாங்க."

"எப்படா சொன்னாங்க? உனக்குன்னுதானே மூணு வருஷமா கத்திக்கிட்டிருந்த!"

"கோபத்துல கத்தினதுலா. யோசிச்சுப் பார்த்தா உனக்குத்தான் நியாயம்."

"எனக்கு வேணாம்பா. நீ ஆம்பளைப் பிள்ளை. சோபாவும் உன்னோடதுதான். அதுல உக்காந்துதான் நீ பரீட்சைக்குப் படிச்ச."

"நான் எங்க படிச்சேன்? தூங்கினேன்."

பாட்ரீசியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை முந்திக்கொண்டது. மூன்று வருஷம் இந்தச் சேற்றுக்காகவா தம்பியைத் தொலைத்தோம்? குகன் யாரோ கூப்பிட்ட மாதிரி ஆபீசுக்குள் போய்விட்டான்.

கடைசியில் இருவருமாகத்தான் லோரி பிடித்தார்கள். அலமாரியை அக்கா ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமும் பிடித்துத் தள்ள, லோரிக்காரர் மேலிருந்து இழுத்தார். ஏறும்போதே பாதி உடைந்துவிட்டது. லோரி போன பிறகு, காலி அறையைப் பார்த்தபடி நின்று அவள் கேட்டுவிட்டாள்.

"மெலிசா கல்யாணத்துக்கு வருவியா மாட்டியா?"

"தாய்மாமனுக்குப் போன்லயா பத்திரிகை அனுப்புவாங்க?" என்றான் ரெஜினால்ட். "குடும்பத்துடன் வருகன்னு ஒரு ரோஜாப்பூ படம். எங்க ஆபீஸ் செக்யூரிட்டிகூட எனக்கு அப்படித்தான் அனுப்பினான்."

"வீட்டுக்கு வந்தா நீ கேட்டைத் திறக்காம விட்டுடுவியோன்னு பயம்டா. வாசல்ல நின்னு அவமானப்படத் தெம்பு இல்ல எனக்கு."

அவன் பூட்ஸைக் கழற்றி, உள்ளே இருந்த தண்ணீரைக் கொட்டினான். நிதானமாகக் கொட்டினான்.

"படம் வந்த அன்னிக்கே மிஷேல் சொன்னா, அண்ணி எப்படியும் நேர்ல வருவாங்கன்னு. கேக் வாங்கி வெச்சா. நீ வரல. அடுத்த வாரம் இன்னொண்ணு வாங்கினா. ரெண்டையும் நானே தின்னேன்."

பாட்ரீசியா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கையில் இருந்த சேறெல்லாம் முகத்துக்கு வந்தது.

"இப்ப கூப்பிடுறேன்டா. வா."

"இங்க கூப்பிட்டா ஆகாது. வீட்டுக்கு வந்து மிஷேல் முன்னாடி கூப்பிடு."

"கையில பத்திரிகைகூட இல்லையே."

"வாய் இருக்குல்ல?"

"இந்தக் கோலத்தோடயா?"

"நான் மட்டும் குளிச்சிட்டா நிக்கிறேன்? ஏறு உன் காடியில. என் பின்னாலேயே வா."

ரெஜினால்ட் காரைப் பிடித்தால் பறப்பான். அன்று மட்டும், அவன் வீட்டுக்குப் போகும் உம்பாய் சாலையில் மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் அவனைத் தாண்டிப் போயின. ஒவ்வொரு திருப்பத்துக்கும் வெகு முன்னாலேயே சிக்னல் போட்டான். அக்கா வழி தவறிவிடுவாள் என்ற கவலையில் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து ஓட்டினான். வழி அவளுக்குத் தெரியும். இந்த மூன்று வருஷத்தில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, அவன் வீட்டுத் தெருமுனை வரை காரை ஓட்டிவந்து, அங்கேயே கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுத் திரும்பியிருக்கிறாள். அதை அவனிடம் சொல்லவில்லை. முதன்முதலாக வருகிறவள் மாதிரி, அவன் போட்ட சிக்னலையெல்லாம் தானும் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனாள்.