பொதுச் சிவப்பு

எங்கள் மேனேஜர் பரஞ்பேக்குச் சிக்கனம் ஒரு வியாதி. புணேயில், கோத்ரூட் பக்கம் இருக்கும் எங்கள் ஆபீஸில் சுவருக்குச் சுவர் பலகை எழுதி மாட்டியிருப்பார். 'டீ ஒரு கப். இரண்டாவது கப் தேவைப்படுகிறவர்கள் வீட்டில் குடித்துவிட்டு வரவும்.' 'எடுத்தவர் சுத்தம் செய்யவும். உங்கள் அம்மா இங்கே வேலை பார்க்கவில்லை.' புணேக்காரன் பலகை எழுதினால் படிக்கிறவனுக்குச் சுருக்கென்று இருக்க வேண்டும். நானும் புணேக்காரன்தான், கொஞ்சம் பெருமையோடுதான் சொல்கிறேன்.

சர்க்கரை ஆலைகளுக்குக் கம்ப்யூட்டர் திரை செய்து கொடுப்பது எங்கள் தொழில். கொதிகலனின் அழுத்தம், கரும்புச் சாற்றின் சூடு எல்லாம் திரையில் முள் வைத்த வட்டங்களாகத் தெரியும். முள் அசையும்போதெல்லாம் வட்டத்தைத் திரும்ப வரைய வேண்டும். வரைகிற ஒவ்வொரு தடவையும் எங்கள் புரோகிராம் புதிதாக ஒரு பிரஷ்ஷை உண்டாக்கும், வரைந்ததும் அப்படியே போட்டுவிடும். கையில் பிடிக்கிற பிரஷ் இல்லை என்றாலும் கம்ப்யூட்டருக்கு அதுவும் சுமைதான். மத்தியானத்துக்குள் அது திணறி, எழுத்தெல்லாம் காணாமல் போய், திரை கறுத்துவிடும். ஆலைக்காரர்கள் போனில் கூப்பிட்டு எங்கள் வம்சத்தையே விசாரிப்பார்கள்.

அதற்கு வழி கண்டவள் முக்தா கேல்கர். சேர்ந்து கொஞ்ச நாள்தான், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிறத்துக்கு ஒரே ஒரு பிரஷ், அதுவும் புரோகிராம் தொடங்கும்போதே செய்து பொதுப் பெட்டியில் வைத்துவிடுவது. எந்த வட்டமும் அதிலிருந்து எடுத்துத்தான் வரைய வேண்டும்.

பரஞ்பேக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "இத்தன நாளா எங்கம்மா இருந்தே? ஆலையில ஒரு நாள் முழுக்க இது ஒழுங்கா ஓடட்டும், அன்னிக்கே உன்ன பர்மனென்ட் பண்றேன். ஓடலேன்னா பையத் தூக்கிக்கோ."

பையைத் தூக்கினால் அவள் போக வேண்டியது ரத்னகிரிக்கு. அங்கே அப்பா ஒரு மாந்தோப்புக்காரனைப் பார்த்து வைத்திருந்தார். "அவன் போன்ல அல்ஃபோன்ஸாவப் பத்தி மட்டுந்தான் பேசறான், விநாயக்" என்று என்னிடம் புலம்பியிருக்கிறாள்.

சோதனைக்கு மூன்று பேரும் போனது சாங்லி பக்கம் ஒரு கூட்டுறவு ஆலைக்கு. அரவை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து திரை தங்கமாக ஓடியது. மத்தியானம் தாண்டியும் கறுக்கவில்லை. சாயங்காலம் நெருங்கும்போது கொதிகலன் அழுத்தம் எல்லை தாண்டியது. திரையின் மேலே எச்சரிக்கைப் பட்டை சிவப்பாக எரிந்தது. மறுநொடி, அதன் கீழே முக்தாவின் அழுத்த வட்டம் மறைந்து, வெள்ளைக் கட்டத்தில் மூலைக்கு மூலை பெரிய சிவப்புப் பெருக்கல் குறி ஒன்று விழுந்தது.

அதுவரை திரைப் பக்கமே திரும்பாமல் புகையிலை கசக்கிக்கொண்டிருந்த ஆபரேட்டர் அலறியடித்து ஓடி நீராவியைத் திறந்துவிட்டான்.

"என்னடி பண்ணி வெச்சிருக்கே? உன் வட்டந்தானே செத்துக் கெடக்கு?" என்று பரஞ்பே பல்லைக் கடித்தார்.

முக்தா கீபோர்டைத் தட்டினாள். பிறகு என்னை மட்டும் கூப்பிட்டாள். "சத்தம் போடாம இதப் படி."

எச்சரிக்கைப் பட்டை பரஞ்பேயே ஆசைப்பட்டு எழுதியது. அதன் கடைசி வரியில், வரைந்து முடித்ததும் பிரஷ்ஷை அழித்துச் சுத்தம் செய்திருந்தார். பொதுப் பெட்டியின் சிவப்பு பிரஷ்ஷை! அடுத்து சிவப்புக்குக் கை நீட்டியது முக்தாவின் வட்டம். பிரஷ் இல்லாமல் வரைய முடியாத இடத்தில் கம்ப்யூட்டர் தானாகவே போடுகிற குறி விழுந்தது அதன் தலையில்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போய்ச் சொல்லு."

"சொன்னா மாந்தோப்பு. சொல்லலேன்னாலும் மாந்தோப்பு."

அதற்குள் ஆலை சேர்மன் பாவுசாகேப் தும்பரே, இயக்குநர்கள் புடைசூழ உள்ளே வந்தார். "யாருய்யா இந்த இன்ட்டு மார்க்கப் போட்டது?"

"சின்னத் தப்பு சாகேப். இந்தப் பொண்ணு இப்பவே..." என்று பரஞ்பே குழைந்தார்.

"தப்பா? இத்தன வருஷமா முள்ளு காட்டுது, ஒரு பய திரும்பிப் பாக்கல. இன்னிக்கு எப்படி ஓடினான் பாத்தீரா! இது இல்லாத திரை எனக்கு வேண்டாம்."

பரஞ்பே ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "அது நானே என் கையால பண்ணது, சாகேப்."

முக்தா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த மனுஷன் பொய் சொல்வதாக நினைத்துக்கொண்டு அன்றைக்கு ஒரே ஒரு உண்மையைச் சொல்லியிருந்தார்.

"எப்படி வருதும்மா இது?" சேர்மன் அவளைத்தான் கேட்டார்.

"ஒரு பொதுப் பெட்டி இருக்கு, சாகேப். எல்லாரும் அதுலேருந்துதான் எடுக்கணும். ஒருத்தர் எடுத்து, தன் வேலை முடிஞ்சதும் ஒழிச்சுக் கட்டிடறார். அடுத்தவன் கை நீட்டினா ஒண்ணுமில்ல."

தும்பரே ஒரு கணம் யோசித்துவிட்டு இயக்குநர்கள் பக்கம் திரும்பினார். "அட, இது நம்ம ஆலைக் கதையாச்சே!" அவர் மட்டும்தான் சிரித்தார்.

திரும்பி வரும்போது ஜீப்பிலேயே முக்தாவுக்கு வேலை உறுதி என்று பரஞ்பே அறிவித்தார். குறி எதனால் விழுகிறது என்று அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, உடனே முதல் வேலையையும் கொடுத்தார். எச்சரிக்கைப் பட்டையின் கடைசி வரியில் யாரும் கை வைக்காமல் அவள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முக்தா நிரந்தரமானாள். அந்த வரியும்தான்.