நாலு ஆர்க்கு

பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டில் சுகிர்தாவின் குழுவுக்கு வந்து விழுந்தது ஒரு பழைய பேய்ப் பங்களா நாவல். மலை உச்சியில் இடிந்த மாளிகை, அதில் ஒரு பிரபு, செத்தும் நடமாடும் அவன் தம்பி, ஒரு கிழட்டுச் சமையல்காரி, பெரிய இடத்துப் பெண் என்று பொய் சொல்லி உள்ளே நுழையும் ஓர் ஏழைப் பெண். இந்த நாலு பேரும் தொடக்கத்தில் எப்படி இருந்தார்கள், கடைசியில் எப்படி ஆனார்கள் என்று ஏறி இறங்கும் கோடாகச் சார்ட்டில் வரைய வேண்டும். அந்தக் கோட்டுக்குப் பெயர் கேரக்டர் ஆர்க். வினையே அந்தப் பெயரில்தான் இருந்தது.

ஏனென்றால் சுகிர்தாவின் அப்பா எபினேசர், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வெல்டர். ஆர்க் என்றால் அவருக்கு ஒன்றே ஒன்றுதான்: கண்ணைப் பறிக்கும் அந்த நீல வெளிச்சம்.

"இன்னாம்மா, காலேஜ்ல ஆர்க்கு கூட சொல்லித் தராங்களா?" என்று சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்.

"ஆமா நைனா. நாலு பேருக்கு நாலு ஆர்க். ஒண்ணு தப்பானாலும் மார்க் பூடும்," என்றாள் அவள், போனிலிருந்து தலையைத் தூக்காமலே. விளக்கிச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? சோம்பல்தான். நைனாவுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்ற கொழுப்பும்தான்.

அவர் விடவில்லை. என்றைக்குக் கொடுக்கணும், கதை என்ன என்றார். ஒப்புக்கு நாலு வரி சொன்னாள். மனுஷன் கையில் சோறு காய்ந்துபோகும்வரை வாயைப் பிளந்து கேட்டார்.

கல்லூரியில் அவளுக்கு நைனா கிடையாது. கல்லூரி இருக்கும் மீஞ்சூரில் ரயிலைவிட்டு இறங்கியதுமே ஊடு வீடாகிவிடும், இன்னா என்னவாகிவிடும், நைனா அப்பாவாகிவிடுவார். அந்த அப்பாவுக்கு உத்தியோகமும் உயர்ந்திருந்தது. கம்பெனியில் சூப்பர்வைசர் என்று சென்னையிலிருந்து வரும் நந்தினியிடம் என்றோ அளந்துவிட்டிருந்தாள். நந்தினி ஒன்றும் கெட்டவள் இல்லை. சும்மா கேட்டாள், இவள் புளுகினாள், அவ்வளவுதான்.

ப்ராஜெக்ட் ஒப்படைக்கும் நாளன்று வகுப்பு வாசலில் எபினேசர் வந்து நின்றார். நைட் ஷிப்டு முடித்து நேராக ரயிலேறியிருக்கிறார். கண் இரண்டும் சிவப்பு, காக்கிச் சட்டைக் கையெல்லாம் தீப்பொறி பட்ட பொத்தல். நெஞ்சோடு அணைத்தபடி ஓர் இரும்புப் பங்களா.

ஐயோ, அந்தப் பங்களாவைப் பார்க்க வேண்டுமே! பிரபுவின் மாளிகை என்றால் அவர் பார்த்த பெரிய கட்டடத்தைத்தானே செய்வார்? சரிந்த ஷெட்டுக் கூரை, புகைபோக்கி, ஷட்டர் கதவு, சாட்சாத் உருக்காலையேதான். உள்ளே கம்பியில் நாலு ஆட்கள். ஒவ்வோர் ஆளின் காலடியிலும் ஒரு வெல்டிங் தழும்பு. நாலு ஆர்க்கு! பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"யாருடி இது?" என்றாள் நந்தினி.

"எங்க தெருவுல வெல்டிங் கடை வச்சிருக்கறவர். ப்ராஜெக்ட்டுக்காகச் சொல்லி வச்சிருந்தேன்."

நாக்கு அவளைக் கேட்காமலே சொல்லிவிட்டது. காதெல்லாம் கொதிக்க நைனாவைப் பார்த்தாள். அவர் திட்டியிருந்தால் தேவலை, பளாரென்று ஓர் அறை விட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் பங்களாவை மேசைமேல் பதமாக இறக்கிவைத்து, தோள் துண்டால் ஒரு துடை துடைத்தார்.

"சரியாக்கீதா பாருங்க மேடம். பிசிறெல்லாம் தேச்சி உட்டுட்டேன், கையக் கிழிக்காது."

பெற்ற மகளைப் பார்த்து மேடம் என்றார். சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார்.

சுகிர்தாவின் முறை வந்தது. பேராசிரியை மெர்சி சார்ட்டில் அந்த ஏழைப் பெண்ணின் கோட்டைத் தொட்டுக் காட்டினார்.

"இவளோட சரிவு எங்கே ஆரம்பிக்குது? நீ மாளிகை எரியற இடத்துல காட்டியிருக்கே. ஏன்?"

மூன்று நாள் மனப்பாடம் செய்த பதில் இப்போது அவளுக்கே பொய்யாகப் பட்டது. தீயாவது மண்ணாவது! முதல் அத்தியாயத்தில், மாளிகை வாசலில், உன் தகப்பன் யார் என்று கேட்டபோது வாய் கூசாமல் புளுகினாளே, அங்கேயே விழுந்துவிட்டாள் பாவி. அதைக்கூடப் பார்க்காமல் கலர் கலராகக் கோடு போட்டு வைத்திருக்கிறாள் இவள்.

"தப்பா போட்டுட்டேன் மேம்," என்றாள். சார்ட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். என்னவோ ஏதோ என்று நந்தினியும் இன்னும் இரண்டு பேரும் பின்னாலேயே ஓடிவந்தார்கள்.

கல்லூரி கேட்டுக்கு எதிரே, ஸ்டேஷன் போகும் பஸ்ஸுக்காக எபினேசர் முதுகு காட்டி நின்றிருந்தார். கையில் காலிப் பை.

"அப்பா!" என்று கத்தினாள் சுகிர்தா. "அப்பா!"

அவர் திரும்பவே இல்லை. யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருப்பார். அவரை ஒருநாளும் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லையே.

"நைனா!"

சட்டென்று திரும்பினார். முகம் மலர்ந்துபோனது. மறு நொடி அவள் முதுகுக்குப் பின்னால் மூச்சிரைக்க வந்து நின்ற பெண்களைப் பார்த்தார். மலர்ந்த முகத்தை அவசரமாகச் சரிசெய்துகொண்டு, இரண்டடி தள்ளி நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரி உரக்கக் கேட்டார்.

"இன்னா மேடம்? எங்கனா வெல்டு உட்டுக்கிச்சா?"