ஆதமுக்கு ஒரு மனு

ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடியில் பூத்திருந்த நீரைக் கலைப்பிரியா முந்தானையால் துடைத்துவிட்டு, செல்போனை அதற்கு நேரே பிடித்தாள். செச்னியாவில், க்ரோஸ்னியில் இருந்த தம்பி பூவரசனுக்கு இப்போது அப்பாவின் முகம் சரியாகத் தெரிந்தது. நேற்று மதியம் மல்லாட்டைக் கொல்லையில் வரப்பு மேல் உட்கார்ந்த அப்பா சீனுவாசன் பிறகு எழுந்திருக்கவே இல்லை. ஒரு நாள் முழுதாகக் கழிந்துவிட்டது.

"வெயிட் பண்ணுக்கா. எப்படியாச்சும் வந்துடுறேன்," என்றான்.

எப்படி வருவான்? ட்ரோன் தாக்குதல் பயத்தில் அங்கே விமான நிலையத்தை மூடி வைத்திருந்தார்கள். இன்று திறக்கலாம், நாளை மறுநாளும் திறக்கலாம். எப்போது எடுப்பது என்று பெரியப்பா நடராசன் காலையிலிருந்து மூன்று முறை வந்து கேட்டுவிட்டார். இருக்கிற ஒரே பிள்ளை கொள்ளி வைக்காமல் அப்பாவை அனுப்பினால் அவனுக்கு ஆயுசுக்கும் மனசு ஆறாது. அதனால்தான் கலைப்பிரியா வம்படியாகப் பெட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

செச்னியாவுக்கு டாக்டர் படிக்கப் போனவன் அவன்தான் என்றாலும், அந்த நாட்டைக் கரைத்துக் குடித்தவர் அப்பா. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் மகனிடம் படிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. மிச்சமெல்லாம் அவன் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா மாலிகாவோடுதான். நடுவில் நின்று மொழிபெயர்த்தே பையனுக்கு ரஷ்ய மொழி சரளமாகிவிட்டது.

கேட்டதையெல்லாம் மறுநாள் காணை கிராமத்து டீக்கடையில் ஒப்பிப்பார். இருநூறு வருஷத்துக்கு மேலாக அந்த மலைக்காரர்கள் ரஷ்யாவோடு மல்லுக்கட்டுகிறார்களாம். நாற்பத்து நாலில் மொத்த ஜனத்தையும் கூட்ஸ் வண்டியில் அடைத்துக் கஜகஸ்தானுக்கு விரட்டினார்கள். மாலிகா பிறந்ததே அங்கேதான். தொண்ணூற்று ஒன்றில் தனிநாடு என்றார்கள், தொண்ணூற்று நாலில் ரஷ்யப் படை வந்தது, இரண்டே வருஷத்தில் திரும்பிப் போனது. "ஜெயிச்சவங்க ஒத்துமையா இருந்திருக்கலாம்ல? துப்பாக்கி வச்சிக்கினு இருந்தவன் ஒவ்வொருத்தனும் நாட்டாமை ஆயிட்டான்," என்று ஏதோ பக்கத்துத் தாலுகா விவகாரம் மாதிரி அலுத்துக்கொள்வார். தொண்ணூற்றொன்பதில் படை மறுபடி வந்தது.

அந்தச் சண்டைக்கு மாலிகாவின் மகன் ஆதமும் போனான். பத்தொன்பது வயது. காலில் குண்டு பட்டு வீட்டுக்கு வந்தவனை முகமூடி போட்ட சிப்பாய்கள் கவச வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இருக்கிறான் என்றும் சேதி இல்லை, செத்தான் என்றும் சேதி இல்லை. இருபத்தைந்து வருஷமாகிறது. இதைப் பேசும்போது மாலிகா குழாயைத் திறந்துவிட்டுத்தான் பேசுவாளாம், பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதென்று. அங்கே தண்ணீர்ச் சத்தத்துக்குள் சொன்ன பெயரை அப்பா இங்கே டீக்கடையில் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சொன்னதோடு விட்டாரா? போன வருஷம் ஒரு திங்கட்கிழமை விழுப்புரம் போய், கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஆள் பிடித்து, காணாமல் போன ஆதமைக் கண்டுபிடித்துத் தரச்சொல்லி மனு எழுதி வாங்கினார். வாய்க்கால் தகராறுக்கு மனுப் போட்டே பழகிய மனுஷன். தெரிந்த வழி அது ஒன்றுதான். "ஐயா, இது நம்ம ஜில்லாவே இல்லீங்களே," என்றாராம் மனு வாங்குகிறவர், சிரிக்காமல்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அவருடைய முதல் கேள்வி, "பையனப் பத்தித் தகவல் எதுனா வந்துச்சாம்மா?" என்பதுதான். கொஞ்ச நாளில் பூவரசன் அதை மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டான். அவர் வாயைத் திறந்ததுமே மாலிகா இல்லையென்று தலையாட்டிவிடுவாள்.

நாலாம் முறையாகப் பெரியப்பா வாசலில் வந்து நின்றார். எத்தனை நாளானாலும் தம்பி வராமல் எடுக்க விடமாட்டேன் என்று கலைப்பிரியா எரிந்து விழுந்தாள். அந்தச் சத்தம் போனுக்குள் போயிருக்க வேண்டும். படம் ஒருமுறை ஆடியது. பூவரசன் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்ட மாலிகா, அவளை நேராகப் பார்த்து என்னவோ சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொள்ளவும், சொல் என்று அவன் முதுகில் தட்டினாள்.

"இன்னாடா சொல்றாங்க?"

"இன்னிக்கே எடுத்துடுங்கன்றாங்கக்கா." "எடுக்கறதுக்கு உங்ககிட்ட ஒடம்பு இருக்குது, அத வச்சிக்கினு காத்திருக்காதீங்கன்றாங்க. காத்திருந்தா என்னா ஆவும்னு எனக்குத் தெரியும்ன்றாங்க."

கலைப்பிரியாவுக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. கோபத்தோடு சண்டை பிடிக்கத்தான் வாயெடுத்தாள். திரையில் அந்த முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. எழுந்துபோய்ப் பெரியப்பாவிடம், நானே கொள்ளி வைக்கிறேன் என்றாள். பொம்பளைப் பிள்ளை சுடுகாட்டுக்கா என்று அவர் இழுத்தார். அதுவரை சுவரில் சாய்ந்து கிடந்த அம்மா, "அவளே வைக்கட்டும்," என்றதும் அடங்கிவிட்டார்.

சாயங்கால வெயிலில் முகத்தை மட்டும் விட்டு வறட்டியை அடுக்கி முடித்தார்கள். "முகம் பாக்கறவங்க எல்லாம் பாத்துக்குங்க," என்று சிதை அடுக்கியவர் மூன்று முறை குரல் கொடுத்தார். கலைப்பிரியா போனைக் குனிந்து நீட்டினாள். பூவரசன் ஒரு நிமிஷம்கூடப் பார்க்க முடியாமல் விம்மிக்கொண்டு விலகிப் போய்விட்டான்.

மாலிகா மட்டும் திரையில் இருந்தாள். தலைத்துணியை ஒதுக்கிக்கொண்டு போனைக் கண்ணுக்கு வெகு கிட்டே கொண்டுவந்தாள். நெற்றியில் வைத்த காசு, நரைத்த மீசை, கட்டிய தாடை என்று ஒவ்வொன்றாக அவள் பார்வை போய்க்கொண்டிருந்தது.

கடைசி வறட்டியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தவர், "மூடிடலாமாம்மா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் இருங்க," என்றாள் கலைப்பிரியா. "அவங்க இன்னும் பாத்துக்கினு இருக்காங்க."